அவரைக் குடும்ப மரங்களின் மகரந்த மணிகள்

அவரைக் குடும்ப மரங்களின் மகரந்த மணிகள் வடிவிலும் அளவிலும் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. சில மரங்கள் மணிகளைத் தனித்தனியே உதிர்க்கின்றன. வேறு சில, பல மணிகள் ஒட்டிய தொகுதியாக உதிர்க்கின்றன. அரியலூர் மாவட்டம் திருமானூர் வட்டாரத்தில் காணப்படும் கருவேலம், சீமைக் கருவேலம் ஆகியவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் ஆகும்.

பன்மணித் தொகுதி

கருவேலத்தின் மகரந்தம் பெரும்பாலும் 16 மணிகள் கொண்ட தட்டையான உருண்டையாக வெளிப்படும். இது பன்மணித் தொகுதி எனப்படும். இதன் சூலகமுடியில் பொதுவாக ஒரு தொகுதிக்கே இடமுண்டு. ஒரு சூலகத்திலுள்ள சூல்களின் எண்ணிக்கை தொகுதியின் மணிகளை விஞ்சுவதில்லை என்பதால், ஒரு தொகுதி வந்து சேர்ந்தாலே காய் முழுவதும் விதை பிடிக்க இயலும். வாகை, தூங்குமூஞ்சி மரங்களும் இவ்வகையினவே.

தனிமணி

சீமைக் கருவேலம் பெயரளவில் மட்டுமே கருவேலம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இம்மரம் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. இதன் மணிகள் தனித்தனியானவை. ஒவ்வொன்றிலும் மூன்று நீள் பள்ளங்கள் உள்ளன. புளி, புங்கம், சவுண்டல் ஆகியவற்றின் மணிகளும் தனிமணிகளே.

கருவேலம், சீமைக் கருவேலம் இரண்டும் முன்னர் தொட்டாற்சுருங்கிக் குடும்பம் என்று தனியாக வைக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவை. அப்பிரிவின் மகரந்தத்தை விரிவாக ஆராய்ந்த பிலிப் கினேயின் நூலைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1969 இல் வெளியிட்டது. அந்நிறுவனத்தின் மகரந்தவியலாளர் க. தணிகைமணி, 1986 இல் கராச்சியில் நிகழ்ந்த விமானக் கடத்தலில் உயிரிழந்தார்.

ஏரி வண்டலில்

மகரந்தத்தின் வெளியுறை எளிதில் சிதையாதது. எனவே கரைவெட்டி போன்ற ஏரிகளின் வண்டலை அடுக்கடுக்காக ஆராய்ந்து, சுற்றிலும் எம்மரங்கள் எப்போது வளர்ந்தன என்று கணிக்கலாம். ஆயினும் இதில் இரு இடர்கள் உண்டு. பன்மணித் தொகுதி கனமானது, பூச்சிகளால் கடத்தப்படுவது, தொலைவு பரவாதது. ஆகவே வண்டலில் அது கிடைக்கவில்லை என்பதால் கருவேலம் இருந்ததில்லை என்று கொள்ளலாகாது. மறுபுறம், நம் நாட்டு வன்னியின் மகரந்தமும் சீமைக் கருவேலத்தினதை ஒத்த தனிமணியே. ஒளி நுண்ணோக்கியில் இவ்விரண்டையும் பிரித்தறிதல் கடினம். எனவே அம்மணி கிடைத்த அடுக்கையே சீமைக் கருவேலம் வந்த காலமாகக் கொள்ள, வண்டலின் வயதும் தெரிந்திருக்க வேண்டும்.