ஜிப் திறக்கும் குட்டி நரி!

குழந்தைகளே, ஒரு தீவில் கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பையை வெளியே வைத்துவிட்டு, ஐந்தே நிமிடம் கடலைப் பார்க்கப் போகிறீர்கள். திரும்பி வந்தால் பையின் ஜிப் திறந்து கிடக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டைக் காணோம்! திருடியது யார் தெரியுமா? வீட்டுப் பூனை அளவுகூட இல்லாத ஒரு நரி!

கதை அல்ல, உண்மைதான். இந்த நரியைப் பார்க்க வேண்டுமானால், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்கு எதிரே, பசிபிக் கடலில் இருக்கும் சாண்டா குரூஸ் தீவுக்குப் போக வேண்டும். 1980-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ஐந்து 'சேனல் தீவுகளில்' இதுதான் பெரியது. பரப்பளவு சுமார் 250 சதுர கிலோமீட்டர்.

வாருங்கள், போகலாம்!

தீவுக்குப் பாலம் கிடையாது. முகாமுக்குப் போகப் படகு ஒன்றுதான் வழி. வென்ச்சுரா துறைமுகத்தில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அதிர்ஷ்டம் இருந்தால் டால்பின்கள் கூட்டமாகத் துள்ளிக்கொண்டு கூடவே வரும்.

இறங்கியதும் ஆட்டோ, வேன் எதையும் தேடாதீர்கள். கூடாரம், போர்வை, சாப்பாடு எல்லாவற்றையும் நீங்களே சுமந்துகொண்டு நடக்க வேண்டும். கடையோ, ஓட்டலோ கிடையாது. தீப்பெட்டியை மறந்துவிட்டால், மறந்ததுதான்! காற்று பலமாக வீசினால் திரும்பிப் போகும் படகு வராமலும் போகலாம். அதனால் ஒரு நாளுக்கான சாப்பாட்டைக் கூடுதலாக எடுத்துப் போகச் சொல்கிறார்கள்.

முகாம் இடத்தில் உயரமான யூகலிப்டஸ் மரங்கள் நிழல் தருகின்றன. ஆமாம், ஊட்டியில் பார்ப்போமே, அதே தைல மரம்தான். அது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. ஊட்டிக்கும் சரி, இந்தத் தீவுக்கும் சரி, மனிதர்கள் கொண்டுவந்து நட்டதுதான்.

நரி மட்டும் இந்தத் தீவுக்கே சொந்தம். எடை சுமார் 2 கிலோ. உலகத்திலேயே ஆறு சேனல் தீவுகளில் மட்டும்தான் தீவு நரிகள் வாழ்கின்றன. பெரிய எதிரி யாரும் இல்லாததால் பட்டப்பகலிலும் பயமில்லாமல் சுற்றும். அந்தத் தைரியமே ஒரு காலத்தில் அவற்றுக்கு வினையாகிவிட்டது.

நரிகள் எங்கே போயின?

சாண்டா குரூஸ் தீவில் 1990-களின் தொடக்கத்தில் சுமார் 1,500 நரிகள் இருந்தன. சில ஆண்டுகளிலேயே நூறுக்கும் கீழே போய்விட்டன. அருகிலிருக்கும் சான் மிகுவல், சாண்டா ரோசா தீவுகளில் மிஞ்சியவை தலா 15 மட்டுமே! என்ன நடந்தது?

இது ஒரு துப்பறியும் கதை. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்போம்.

முதல் முடிச்சு, டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் இருந்த ஓர் ஆலையின் டி.டி.டி. கழிவு பல ஆண்டுகள் கடலில் கலந்தது. அது மீன்களின் உடலில் சேர்ந்தது. மீனைத் தின்ற வெண்தலைக் கழுகின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்தது. தீவுகளில் அந்தக் கழுகு இனமே இல்லாமல் போனது.

இரண்டாவது முடிச்சு, பன்றி. 19-ஆம் நூற்றாண்டில் பண்ணைக்காரர்கள் கொண்டுவந்த பன்றிகள் காட்டுக்குள் புகுந்து பெருகிவிட்டன.

மூன்றாவது முடிச்சு, பொன்னிறக் கழுகு. வெண்தலைக் கழுகு இருந்தவரை, தன் எல்லைக்குள் வேறு கழுகை அண்டவிடாது. காவல்காரர் போனதும் பெருநிலத்திலிருந்து பொன்னிறக் கழுகுகள் வந்தன. பன்றிக்குட்டிகளைத் தின்று இங்கேயே தங்கிவிட்டன. வானத்தைப் பார்த்துப் பயப்படத் தெரியாத நரிகளையும் தூக்கிச் சென்றன.

எங்கோ ஓர் ஆலையின் கழிவு, யாரோ கொண்டுவந்த பன்றி. இரண்டும் சேர்ந்து நரிகளை அழிவின் விளிம்புக்கே கொண்டுபோய்விட்டன, பார்த்தீர்களா?

எப்படிக் காப்பாற்றினார்கள்?

1999 முதல் நரிகளைப் பிடித்துக் கூண்டில் பத்திரமாக வளர்த்தார்கள், குட்டிகள் பிறந்தன. பொன்னிறக் கழுகுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றை உயிரோடு பிடித்துத் தொலைவில் கொண்டுபோய் விட்டார்கள். 2002 முதல் வெண்தலைக் கழுகுகளைத் தீவுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2006-ல், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, அந்தத் தீவுகளில் ஒரு வெண்தலைக் கழுகுக் குஞ்சு இயற்கையாகப் பொரிந்தது.

பன்றிகளை என்ன செய்தார்கள்? ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைச் சுட்டுக் கொன்றார்கள். கேட்கவே வருத்தமாக இருக்கிறது, இல்லையா? அப்போதே பலர் எதிர்த்தார்கள். பன்றிகள் தாமாக நீந்தி வரவில்லையே, மனிதர்கள்தானே கொண்டுவந்தார்கள்! தவறு ஒருவருடையது; தண்டனை இன்னொருவருக்கு. ஆனால் பன்றிகளை விட்டிருந்தால் நரிகள் மிஞ்சியிருக்காது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

2016-ல் இந்த மூன்று தீவுகளின் நரிகளும் அமெரிக்காவின் அழியும் ஆபத்திலுள்ள உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. சாண்டா குரூஸில் மட்டும் அவை இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தன!

ஒரே ஒரு பிஸ்கட் கொடுக்கலாமா?

இப்போது நம் கூடாரத்துக்குத் திரும்புவோம். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூடி போட்ட உறுதியான பெட்டி ஒன்று உண்டு. சாப்பாட்டையும் குப்பையையும் அதற்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். நரி மட்டுமல்ல, அண்டங்காக்கையும் ஜிப்பைத் திறப்பதில் கெட்டிக்காரன்! ஊர் திரும்பும்போது குப்பையையும் கூடவே கொண்டுவர வேண்டும்.

படகில் ஏறும் முன்பே ஷூவில் மண்ணோ, விதையோ ஒட்டியிருக்கிறதா, மூட்டைக்குள் எறும்போ எலியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செல்ல நாய்க்கும் அனுமதி இல்லை. நாய்க்கு வரும் ஒரு நோய் 1999-ல் சாண்டா கேட்டலினா தீவுக்குள் நுழைந்து, அங்கிருந்த நரிகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிட்டது.

மாலையில் அந்தக் குட்டி நரி கூடாரத்தின் முன்னால் வந்து நின்று, தலையைச் சாய்த்து உங்களையே பார்க்கும். கையில் பிஸ்கட் இருக்கும். கொடுக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு முறை கொடுத்தால், இரை தேடுவதை விட்டுவிட்டு மனிதர்களின் கையையே பார்த்து நிற்கப் பழகிவிடும்.

அதனால் பிஸ்கட்டைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுங்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நரி தானே எலி பிடிக்கக் கிளம்பிவிடும். சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தால், அதையும் நீங்கள் பார்க்கலாம்!