பழைய பொருளைப் பிரிக்கும் இயந்திரக் கண்

கம்போங் மேடான் தெருக்களில் 'பேப்பர் லாமா' லோரி ஒலிபெருக்கியுடன் வரும்போது, பழைய தாள்களோடு உடைந்த வானொலி, மின்விசிறி, கைத்தொலைபேசி முதலியவற்றையும் நாம் கொடுத்துவிடுகிறோம். அவை பின்னர் என்னவாகின்றன? 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னியல் கழிவு சேர்ந்ததென ஐக்கிய நாடுகள் அமைப்பு கணக்கிட்டுள்ளது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நூற்றுக்கு 22 பங்கு அளவே.

எல்லாவற்றையும் அரைத்து உருக்கினால் செம்பும் தங்கமும் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால் ஒலிபெருக்கிக் காந்தத்திலுள்ள அருமண் உலோகங்கள் தூளோடு தூளாய் வீணாகும். கைத்தொலைபேசியின் மின்கலம் நசுங்கினாலோ தீப்பற்றும். (சிறுவர்கள் அதைச் சுத்தியலால் தட்டி விளையாடுவதைப் பெற்றோர் உடனே தடுக்கவேண்டும்.) ஆகவே உறுப்புகளைத் தனித்தனியே கழற்றுவதே நல்லது.

இவ்வேலைக்கு இயந்திரத்தை ஏவுவது எளிதன்று. புதுப்பொருளைப் பூட்டும் ஆலையில் எல்லாம் ஒரே அச்சு. இயந்திரம் கண்ணை மூடிக்கொண்டே பூட்டலாம். பழைய பொருள்களில் ஒன்றில் திருகாணி துருவேறியிருக்கும். மற்றொன்றில் கண்ணாடி நொறுங்கியிருக்கும். தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களுக்கு இது நன்கு விளங்கும். ஒரு மரத்தின் பட்டை போல் மற்றொன்றின் பட்டை இராது. கண் பார்க்க, கை அளந்து, உள்மரத்தில் காயம்படாமல் சீவவேண்டும். அத்தகைய கண்ணையே விஞ்ஞானிகள் இயந்திரத்துக்கு அளிக்க முயல்கின்றனர். கேமரா படம் பிடிக்கிறது. கணினி, முன்னர்ப் பயின்ற பல படங்களின் துணையால், இது திருகாணி, இது மின்கலம் என்று அறிந்து, அதன் இடத்தை அளந்து இயந்திரக் கைக்கு உணர்த்துகிறது.

ஆப்பிள் நிறுவனம் 2016-இல் 'லியாம்' என்னும் இயந்திர மனிதனை அறிமுகப்படுத்தியது. அது ஒரே வகை ஐபோனை மட்டும் பிரித்தது. 2018-இல் வந்த 'டெய்சி' பல வகை ஐபோன்களை அடையாளங்கண்டு, மணிக்கு 200 வரை பிரிக்கவல்லது. சுழியத்துக்குக் கீழ் 80 டிகிரி குளிர்காற்றைப் பாய்ச்சி, பசையால் ஒட்டிய மின்கலத்தைப் பெயர்க்கிறது. திருகாணிகளைத் திருகிக் கழற்றாமல் குத்தித் தள்ளிவிடுகிறது. கெட்டிக்காரத் தந்திரந்தான்!

ஆயினும் டெய்சிக்கு ஐபோன் தவிர வேறொன்றும் தெரியாது. நம் வீட்டு மின்சாரச் சோற்றுப்பானையை நீட்டினால் விழிக்கும். அதனைப் பிரிக்க இன்றும் மனிதக் கையே வேண்டும். கம்பியை எரித்துச் செம்பெடுப்போர் நச்சுப்புகையைச் சுவாசிக்கின்றனர். மலேசியாவில் 2005-ஆம் ஆண்டின் விதிகள் இத்தகைய மின்னியல் கழிவை 'எஸ்.டபிள்யூ. 110' என்னும் குறியீட்டில் அட்டவணைப்படுத்தியுள்ளன. அதைப் பிரித்துப் பயன்படுத்தும் ஆலைகள் சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும்.