ஒரு டென்னிஸ் கோர்ட்டில் எத்தனை பேடல் கோர்ட்?

ஐரோப்பாவின் டென்னிஸ் கிளப்புகளில் சில ஆண்டுகளாக ஒரே கணக்கு திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஒரு டென்னிஸ் கோர்ட்டைப் பெயர்த்துவிட்டால் அங்கே, சுவர் சூழ்ந்த சின்ன இடத்தில் மட்டையும் பந்துமாக ஆடும் பேடலுக்கு மூன்று கோர்ட் போடலாம். நான்கு பேர் ஆடிய இடத்தில் பன்னிரண்டு பேர் ஆடலாம். டேப் பிடித்து அளந்தால் இந்தக் கணக்கு இடிக்கிறது. டென்னிஸ் கோர்ட்டின் கோடுகள் 23.77 மீட்டர் நீளம், இரட்டையர் ஆட்டத்துக்கு 10.97 மீட்டர் அகலம். வீரர்கள் ஓடுவதற்குப் பின்னால் 6.40 மீட்டரும் பக்கவாட்டில் 3.66 மீட்டரும் விட்டால், மொத்த இடம் 36.57க்கு 18.29. பேடல் கோர்ட் 20க்கு 10. பதினெட்டேகால் மீட்டர் அகலத்தில் இருபது மீட்டர் நீளத்தைக் குறுக்கே வைக்க முடியாது. நீளவாக்கில் வைத்தால் ஒன்றுதான் அடங்கும். மூன்று வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னும் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நிலம் வேண்டும். அது பக்கத்து கோர்ட்டிலிருந்தோ, நடைபாதையிலிருந்தோ, வேலியோர மரங்களிலிருந்தோதான் வரவேண்டும்.

பேடல் இவ்வளவு சின்ன இடத்தில் அடங்குவதற்குக் காரணம் அதன் சுவர். டென்னிஸுக்கு ஒதுக்கும் சுமார் 669 சதுர மீட்டரில் கோடுகளுக்குள் இருப்பது 261தான்; மீதி ஐந்தில் மூன்று பங்கு, பந்தைத் துரத்தி ஓடுவதற்கான வெற்றிடம். பேடலின் 200 சதுர மீட்டரில் அப்படி எதுவும் கிடையாது. பின்பக்கம் 3 மீட்டர் உயரக் கண்ணாடி, அதன் மேல் 1 மீட்டர் கம்பி வலை. ஓடும் வெளி செய்த வேலையைக் கண்ணாடி செய்கிறது. 1969இல் மெக்சிகோவின் அகாபுல்கோவில் என்ரிக்கே கொர்குவேரா தன் வீட்டில் சுவர்களுக்கு நடுவே இந்த ஆட்டத்தை அமைத்தார். 1974இல் அது ஸ்பெயினின் மார்பெய்யாவுக்குப் போனது. அன்றைக்கும் இன்றைக்கும் அதன் உயிர் சுவரில்தான் இருக்கிறது. புதிதாக ஆடுபவரின் தோளைத் தாண்டி ஒரு பந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். டென்னிஸில் அந்தப் புள்ளி அங்கேயே முடிந்தது. பேடலில் பந்து தரையில் ஒருமுறை எழும்பி, கண்ணாடியில் பட்டு, வேகம் குறைந்து இடுப்புயரத்தில் அவரிடமே திரும்பி வருகிறது. அவர் திரும்பி நின்று அடிக்க அவகாசம் கிடைக்கிறது. சர்வையும் இடுப்புக்குக் கீழே, பந்தைத் தட்டி எழுப்பித்தான் அடிக்க வேண்டும். முதல் நாளே நாலு பேர் சேர்ந்து சிரித்து ஆடிவிட முடிகிறது என்றால், அது விளம்பரத்தின் வேலை அல்ல, கோர்ட்டின் வடிவமைப்பு.

இவ்வளவையும் மனதார ஒப்புக்கொண்ட பிறகும், டென்னிஸ் கோர்ட்டை இடித்து பேடல் கோர்ட் போடுவது தவறு என்றே நினைக்கிறேன். ஒரு கோர்ட்டை எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று மட்டும் அளக்கக் கூடாது; யாரெல்லாம் எப்படியெல்லாம் அதைப் பயன்படுத்த முடிகிறது என்றும் பார்க்க வேண்டும். டென்னிஸ் கோர்ட்டுக்குத் தனியாளாக ஒரு கூடை நிறையப் பந்துகளோடு போய் சர்வ் பழகலாம். இருவர் போதும், நால்வரும் ஆடலாம். அதே தரையில் சின்னக் கோடு போட்டு, சின்ன வலை கட்டி, ஆறு வயதுக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். பேடலின் வழக்கமான கோர்ட் நால்வருக்கானது. ஒருவர் வராவிட்டால் மற்ற மூவரும் அவருக்குப் பதில் ஆள் தேட வேண்டியதுதான்.

பகலெல்லாம் காலியாகக் கிடக்கும் டென்னிஸ் கோர்ட்டால் என்ன பயன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காலியாக இருப்பதற்குப் பல இடங்களில் ஆட்டம் காரணமல்ல, பராமரிப்பில்லாத தரையும் கிழிந்த வலையும்தான் காரணம். பிரிட்டனில் 2021இல் அரசும் அந்நாட்டு டென்னிஸ் சங்கமும் சேர்ந்து பூங்கா கோர்ட்டுகளைச் சீரமைக்க 3 கோடி பவுண்டுக்கு மேல் ஒதுக்கியது இதை உணர்ந்துதான். அதே சங்கம்தான் அங்கே பேடலையும் நிர்வகிக்கிறது. இரண்டையும் ஒரே கையால் வளர்க்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஸ்பெயினைப் பாருங்கள் என்பது பேடல் ஆதரவாளர்களின் அடுத்த வாதம். அங்கே பேடல் ஊன்றியது ஐம்பது ஆண்டுகளில். வெயில் அதிகமான நாடு, குடியிருப்பு வளாகங்களிலேயே கோர்ட் உண்டு. ஆளும் கோர்ட்டும் சேர்ந்தே வளர்ந்தன. ஸ்வீடனில் கதை வேறு. பெருந்தொற்றுக் காலத்தில் பேடல் மோகம் உச்சிக்குப் போக, முதலீட்டாளர்கள் கூடங்களை அடுக்கடுக்காகத் திறந்தார்கள். தேவைக்கு மேல் கோர்ட்டுகள் முளைத்தன. கட்டுப்பாடுகள் நீங்கி மக்கள் பழைய பொழுதுபோக்குகளுக்குத் திரும்பியதும் நிறுவனங்கள் வரிசையாகத் திவாலாயின. இதில் ஆட்டத்தின்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வருடத்துக் கூட்டத்தை நிரந்தரக் கூட்டமென்று நம்பிக் கட்டியதுதான் பிழை.

சத்தம் இன்னொரு பிரச்சினை. பேடலை நேசிப்பவர்கள் இதை லேசாகக் கடந்துவிடுகிறார்கள். டென்னிஸ் மட்டையில் நரம்புகள் இருப்பதால் அடி மென்மையாக ஒலிக்கும். பேடல் மட்டை துளையிட்ட கெட்டியான பலகை. அடி வெடிப்பாகக் கேட்கும், கண்ணாடியில் பந்து மோதும் ஒலியும் கூடும். நால்வர் ஓயாமல் அடிக்கும் அந்தச் சத்தம் இரவு பத்து மணிவரைகூட நீளும். நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் அக்கம்பக்கத்தார் எதிர்ப்பது வெறும் முணுமுணுப்பல்ல. வீடுகளை ஒட்டிய பழைய டென்னிஸ் கோர்ட்டே பேடலுக்குப் பெரும்பாலும் பொருந்தாத இடம். பயன்படாத கிடங்கும், பெருஞ்சாலையோர வாகன நிறுத்தமும், ஊருக்கு வெளியே உள்ள தொழிற்பேட்டையும் அதற்கு எவ்வளவோ பொருத்தம். அங்கே ஆட்டம் எடுபடாமல் போனாலும் போல்ட்டைக் கழற்றி, கண்ணாடியையும் இரும்புச் சட்டத்தையும் வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். தோண்டி எடுத்த களிமண் கோர்ட்டை அப்படித் திரும்ப வைக்க எந்த கிளப்பும் எளிதில் முன்வராது.