கவுன்சிலிங்கா, லைப்ரரியா? போலகத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

"கவுன்சிலிங்குக்கு அப்ளை பண்ணப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாடா" என்று அக்கா போனில் சொன்னபோது எனக்கே ஒரு நிமிடம் குழப்பம்தான். எங்கள் காரைக்கால் பக்கம் கவுன்சிலிங் என்றால் சென்டாக். பிளஸ் டூ மார்க்கை வைத்து எந்தக் கல்லூரியில் சீட் என்று முடிவு செய்யும் திருவிழா. தமிழ்நாட்டிலும் அதே கதைதான், பொறியியல் கலந்தாய்வைத்தான் அப்படிச் சொல்வார்கள். அக்கா மகள் பி.ஏ. ஆங்கிலம் முடித்து ஆறு வருடம் ஆகிறது. அவளுக்கு இப்போது எதற்கு சென்டாக்?

அவள் சொன்னது வேறு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிற மனநல ஆலோசகர் வேலை. அதற்கு முதுகலை படிக்க வேண்டும் என்கிறாள். இல்லையென்றால் லைப்ரரி சயின்ஸ். "மாமா, ரெண்டுல எதுக்குப் போடறது? நீங்கதான் நோண்டி நோண்டிப் படிப்பீங்களே, பாத்துச் சொல்லுங்க" என்று பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டாள். கடந்த இரண்டு மாதம் நோண்டியதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். இதே கேள்வியோடு இன்னும் பல பேர் இருப்பார்கள் என்று தெரியும்.

முதலில், இந்த இரண்டும் ஏன் ஒரே மூச்சில் வருகின்றன? அவள் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. நூலகத்துக்கு ஆள் இல்லாததால் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் திறந்து வைப்பாள். புத்தகம் எடுக்க வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் புத்தகத்துக்காக வருவதில்லை என்று ஒரு மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். வகுப்பில் கூட உட்கார ஆள் இல்லாத பையன், அப்பா குடிப்பதைச் சொல்லத் தெரியாமல் அலமாரி ஓரமாக நிற்கிற பெண், இப்படி. மார்க் போடாத ஒரே அறை அதுதான். உலகத்தில் பல இடங்களில் பள்ளி நூலகரும் பள்ளி ஆலோசகரும் பக்கத்துப் பக்கத்து அறைக்காரர்களாக இருப்பது தற்செயல் இல்லை.

வேலை பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறதே தவிர, உள்ளே போகிற வாசல்கள் முற்றிலும் வேறு திசையில் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொள்ளாமல் அவள் ஏற்கெனவே ஒரு அடி வாங்கியிருக்கிறாள். போன வருடம் ஏதோ ஒரு நிறுவனத்தில் ஆன்லைனில் ஆறு மாத 'கவுன்சிலிங் சான்றிதழ்' படித்தாள். நகையை வைத்துக் கட்டிய பணம். அதைக் கொண்டுபோய் ஒரு பள்ளி நேர்காணலில் நீட்டியபோது, "இது டிப்ளமோ இல்லையேம்மா" என்று ஒரே வரியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாளாம்.

அதனால் இந்த முறை தலைகீழாக ஆரம்பித்தோம். படிப்பு விளம்பரத்தைப் பார்க்கவில்லை. வேலை விளம்பரத்தைத்தான் முதலில் பார்த்தோம். அதில் 'கல்வித்தகுதி' என்ற வரியை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, அந்த வரியை நிறைவேற்றுகிற படிப்பு எது என்று பின்னோக்கி வந்தோம்.

ஆலோசகர் பக்கம் முக்கியமான ஆவணம் சிபிஎஸ்இயின் 2018 இணைப்பு விதிகள். உயர்நிலை, மேல்நிலை வகுப்புகள் உள்ள பள்ளிகளில் ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது அது. 2018-இல் வந்தபோது அது சொன்ன தகுதிக்கு மூன்று வழி இருந்தது: உளவியலில் பட்டம் அல்லது முதுகலை, குழந்தை வளர்ச்சியில் முதுகலை, ஏதோ ஒரு பட்டத்தோடு வழிகாட்டல் மற்றும் ஆலோசனையில் டிப்ளமோ. சான்றிதழ் என்ற சொல்லே அங்கு இல்லை. நேர்காணலில் அந்த ஒரே வரி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

இது எங்கள் ஊருக்கு ஏன் பெரிய விஷயம் என்றால், புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் முன்பு தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்தவை. இப்போது சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. 2025-இல்தான் இங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதல்முறையாக சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுதினார்கள். அதாவது தனியார் பள்ளிக்கு மட்டும் பொருந்திய விதி இப்போது தெருக்கோடி அரசுப் பள்ளிக்கும் பொருந்துகிறது. விதி வந்துவிட்டால் நிரந்தரப் பணியிடம் வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு கதை.

கேந்திரிய வித்யாலயாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நூலகர் என்பது தேர்வெழுதிப் போகிற நிரந்தர வேலை, சம்பள நிலை 7, அடிப்படை 44,900 ரூபாய். தகுதி என்ன? நூலக அறிவியலில் இளங்கலைப் பட்டம், அல்லது ஏதோ ஒரு பட்டத்தோடு ஓராண்டு நூலக அறிவியல் டிப்ளமோ. இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். பி.எட். கேட்கவில்லை, முதுகலையும் கேட்கவில்லை. அதே பள்ளியில் ஆலோசகர்? ஒப்பந்தம். வருடா வருடம் நேர்காணல் வைத்து எடுப்பார்கள், கல்வியாண்டு முடிந்தால் வேலையும் முடிந்தது. காரைக்காலில் கேந்திரிய வித்யாலயாவும் நவோதயாவும் இருப்பதால் இது எங்களுக்கு எட்டாத கணக்கு இல்லை. பிள்ளையோடு பேசுகிறவரை ஒப்பந்தத்திலும் புத்தகத்தைப் பார்த்துக்கொள்கிறவரை நிரந்தரத்திலும் வைத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பேச ஆரம்பித்த பிள்ளை அடுத்த ஜூனில் வந்து பார்த்தால் வேறு முகம் உட்கார்ந்திருக்கும். ஆனால் விண்ணப்பிக்கிறவள் இதைத் தெரிந்துகொண்டுதான் போட வேண்டும்.

சரி, படிப்புக்கு வருவோம்.

நூலக அறிவியலில் ஒரு படிக்கட்டுக் குழப்பம் உண்டு. இது இரண்டு ஓராண்டுப் படிப்புகளாகவும் இருக்கிறது: ஏதோ ஒரு பட்டத்துக்குப் பிறகு பி.எல்.ஐ.எஸ்., அதற்குப் பிறகு எம்.எல்.ஐ.எஸ். சில பல்கலைக்கழகங்களில் இரண்டையும் சேர்த்து ஈராண்டு முதுகலையாகவும் வைத்திருக்கிறார்கள். 'முதுகலை' என்று பெயர் பெரிதாக இருக்கிறதே என்று நேராக எம்.எல்.ஐ.எஸ். விண்ணப்பத்தைத் திறக்காதீர்கள். இக்னோவில் ஓராண்டு எம்.எல்.ஐ.எஸ்.ஸுக்கு பி.எல்.ஐ.எஸ். முடித்திருக்க வேண்டும். ஈராண்டுப் படிப்பில் சேர்ந்தவர்கள், வேலை விளம்பரம் 'இளங்கலை நூலக அறிவியல்' என்று எழுதியிருந்தால் தங்கள் பட்டத்தை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று முன்னாடியே கேட்டுவிடுவது நல்லது. பல்கலைக்கழக நூலகர் ஆகிற எண்ணம் இருந்தால் முதுகலை இல்லாமல் நடக்காது. பள்ளிக்கு பி.எல்.ஐ.எஸ். போதும்.

இதை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பதுதான் கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருக்கிற அவளுக்குப் பெரிய விஷயம். ஒன்றே ஒன்று: தொலைநிலைப் படிப்பில் சேர யுஜிசியின் 'டெப் ஐடி' என்ற எண்ணை முதலில் உருவாக்க வேண்டும். நிறுவனத்துக்கு அந்த வருடத்துக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் யுஜிசி தளத்திலேயே பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. போன வருடம் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்திருந்தால் வளையல் கையில் இருந்திருக்கும்.

உளவியல் பக்கம் இந்த வாசல்தான் மூடப்பட்டது. எந்தப் பட்டம் படித்தவர்களும் இக்னோவில் எம்.ஏ. உளவியல் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் ஆலோசனை உளவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொள்வது பல வருடங்களாக நடந்து வந்தது. எத்தனையோ ஆசிரியைகள் அப்படித்தான் வந்தார்கள். மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்தது. அதன் வரம்புக்குள் வருகிற படிப்புகளை, உளவியல் உட்பட, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி அறிவித்துவிட்டது. இனி உளவியல் வேண்டுமென்றால் வகுப்பில் போய் உட்கார வேண்டும். எனக்கு இதில் இரண்டு மனம். நேரில் ஒரு ஆளைக்கூட உட்காரவைத்துப் பேசிப் பழகாமல் பட்டம் வாங்குவது ஆபத்துதான். ஆனால் அந்த வாசலில் இதுவரை நுழைந்தவர்கள் யார்? பெரும்பாலும் வீட்டை விட்டு வெளியே தங்க முடியாதவர்கள்.

வகுப்பு எங்கே இருக்கிறது? காரைக்காலிலேயே புதுவைப் பல்கலைக்கழக வளாகம் ஒன்று உண்டு. ஆனால் அங்கே வணிகம், மேலாண்மை, கணினிதான். பயன்பாட்டு உளவியலும் நூலக அறிவியலும் புதுச்சேரி காலாப்பட்டில் இருக்கின்றன. எங்களுக்கு அது கிட்டத்தட்ட நாலு மணி நேர பஸ். பக்கத்தில் என்றால் திருவாரூர் நீலக்குடியில் இருக்கிற தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம். அங்கேயும் இரண்டு துறைகளும் உண்டு. போலகத்திலிருந்து நாகூர், நாகப்பட்டினம் வழியாகப் போய் அன்றே திரும்பலாம், தினமும் முடியுமா என்பது வேறு. இரண்டுமே மத்தியப் பல்கலைக்கழகங்கள் என்பதால் க்யூட் பிஜி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 75 கேள்வி, சரியான விடைக்கு 4 மதிப்பெண், தப்பானதற்கு 1 கழியும். விண்ணப்பத்தில் எந்தத் தாள் என்று தேர்ந்தெடுக்கிற இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கையேட்டில் அந்தப் படிப்புக்கு எந்தத் தாள், இளங்கலையில் உளவியல் படித்திருக்க வேண்டுமா என்று பார்த்துவிட்டுத்தான் டிக் அடிக்க வேண்டும்.

டிப்ளமோ வழியும் ஒன்று உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. என்சிஇஆர்டி நடத்துகிற ஓராண்டு வழிகாட்டல்-ஆலோசனை டிப்ளமோ. ஜனவரியில் ஆரம்பிக்கும். ஒரு பகுதி தொலைநிலை, மூன்று மாதம் நேரடி வகுப்பு, பிறகு களப்பயிற்சி. தென்மாநிலத்துக்காரர்களுக்கு மையம் மைசூரு. பெரும்பாலும் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களை மனதில் வைத்து அமைத்தது. பி.எட். இருப்பவர்கள் தாராளமாக யோசிக்கலாம். இவளிடம் பி.எட். இல்லை. தனியார் பள்ளியில் அதைக் கேட்காமலே வேலை கொடுத்துவிட்டார்கள், சம்பளத்தையும் அதற்கேற்ற மாதிரி வைத்துவிட்டார்கள்.

வெளிநாடு பற்றியும் அவள் கேட்டாள். காரைக்காலில் பாரிஸில் சொந்தம் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிரான்சில் பள்ளி நூலகத்தை நடத்துகிறவர் ஆசிரியர் அந்தஸ்து உள்ளவர். 1989-இலிருந்து அதற்கென்று தனிப் போட்டித் தேர்வே இருக்கிறது. அமெரிக்காவில் பள்ளி நூலகருக்கும் பள்ளி ஆலோசகருக்கும் தனித்தனி முதுகலை, தனித்தனி மாநில உரிமம். அங்கே 250 பிள்ளைகளுக்கு ஒரு ஆலோசகர் என்பது அந்தத் தொழில் சங்கத்தின் பரிந்துரை. நம் மூன்று வருடப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் முழுப் பட்டமாக எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் சொல்லி வைத்தேன். "அது இப்ப வேணாம் மாமா" என்று அவளே முடித்துவிட்டாள்.

அந்த நாட்டு விண்ணப்பங்களில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. 'ஏன் இந்தப் படிப்பு' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். நம்மூரில் தேர்வு மார்க்தான், யாரும் கேட்பதில்லை. கேட்காததால்தான் எழுதச் சொன்னேன், தமிழிலேயே. முதலில் எழுதி வந்தது, "சிறு வயது முதலே சேவை மனப்பான்மை" என்று தொடங்கியது. சுகமில்லை. இரண்டாவது முறை உருக்கமாக எழுதிவிட்டாள். அலமாரி ஓரமாக நிற்கிற அந்தப் பெண்ணின் வகுப்பு, தெரு, அப்பா வேலை எல்லாம் இருந்தது. படிக்கும்போது கண் கலங்கியது உண்மை. ஆனால் அதை எடுத்துவிடச் சொன்னேன். கோபம் வந்துவிட்டது. "அதான மாமா நான் இதைப் படிக்கிறதுக்குக் காரணமே?" காரணம்தான். ஆனால் அந்தப் பிள்ளை அவளிடம் சொன்னது அவளுக்கு சீட் வாங்கித் தருவதற்காக இல்லையே. ஆலோசகர் காக்க வேண்டிய முதல் ரகசியம் விண்ணப்பத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. நூலகருக்கும் அப்படித்தான். எந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனது என்பது ஊருக்குச் சொல்கிற விஷயம் இல்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். எந்த நாள் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் புத்தகம் எடுத்தார்கள், எத்தனை பேர் எடுக்காமல் சும்மா இருந்துவிட்டுப் போனார்கள். பெயர் இல்லை, எண்ணிக்கை மட்டும். யாரும் சொல்லாமலே எட்டு மாதமாகக் குறித்து வைத்திருக்கிறாள். தேர்வு வாரங்களில் சும்மா இருக்க வருகிறவர்கள் கூடுகிறார்கள் என்பது பக்கத்தைப் புரட்டினாலே தெரிந்தது. மூன்றாவது முறை அந்த நோட்டைப் பற்றி மட்டும் எழுதினாள். முக்கால் பக்கம். பிரமாதமாக இருந்தது.

அதைப் படித்தபோது எனக்கு எஸ்.ஆர். ரங்கநாதன் நினைவு வந்தது. இந்திய நூலகத் துறைக்கே தந்தை என்று சொல்லப்படுகிற அவர் 1892-இல் பிறந்தது சீர்காழியில், எங்களுக்கு சுமார் 50 கிலோமீட்டர். கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஆரம்பத்தில் வேலை சலித்து, திரும்பக் கணக்குக்கே ஓடப் பார்த்தவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் பெரும்பாலும் புத்தகத்தையும் வாசகரையும் சேர்த்துவைக்கிற பேச்சுதான், அலமாரியைப் பற்றி இல்லை. அதே வருடம் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் கிராமம் கிராமமாகப் போனது. இத்தனையும் நடந்த இந்த டெல்டாவில், பள்ளி நூலகச் சாவியை நேரம் இருக்கிற ஆசிரியரிடம் கொடுத்துவைப்பது இன்னமும் வழக்கமாக இருக்கிறது.

கடைசியில் அவள் பி.எல்.ஐ.எஸ்.ஸைத் தேர்ந்தெடுத்தாள். ஆலோசனைப் படிப்பை விட்டுவிடவில்லை, குழந்தை பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் திருவாரூருக்கு க்யூட் எழுதுவதாகச் சொல்கிறாள். அக்காவுக்கு இதில் பாதிதான் சம்மதம். "லைப்ரரிக்கு எதுக்குடி படிப்பு, சாவி ஒங்கிட்டதான இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, குழந்தை தூங்கின பிறகு டெப் ஐடி போட்டோம். ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, பட்டச் சான்றிதழில் வேறு மாதிரி. இப்போது அதைத் திருத்த அலைந்துகொண்டிருக்கிறாள்.