பதறாத மானின் இறைச்சி

நியூசிலாந்துக்கு மான் சொந்த விலங்கு அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் குடியேறிகள் வேட்டைக்காகச் செம்மான்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். 1905-இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் அன்பளிப்பாக, உருவில் அவற்றைவிடப் பெரிய எல்க் மான்கள் வந்து ஃபியோர்ட்லாண்ட் காட்டில் இறங்கின. அடித்துத் தின்ன ஒரு விலங்கும் இல்லாத நாடு. மான்கள் பெருகி மலைச்சரிவுகளை மொட்டையாக்கின. அரசே ஆள் வைத்துச் சுட்டது. பின்னர் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டு இறைச்சியை ஏற்றுமதி செய்தார்கள். 1970 வாக்கில் வேலி போட்டு வளர்க்கச் சட்டம் இடம் கொடுத்தது. வலை வீசி உயிரோடு பிடித்த காட்டு மான்களே பல பண்ணைகளுக்கு முதல் மந்தை.

இன்று அங்கே ஆண் எல்க்கைப் பெண் செம்மானோடு சேர்க்கிறார்கள். குட்டி சீக்கிரம் எடை போடும். ஆனால் இறைச்சியின் தரத்தைக் கடைசியில் தீர்மானிப்பது இனமோ தீவனமோ மட்டும் அல்ல, அந்த விலங்கின் அமைதி என்பேன். மான் எளிதில் மிரளும். மிரண்டு ஓடினால் தசையில் சேமிப்பாக உள்ள சர்க்கரையான கிளைக்கோஜன் தீர்ந்துவிடும். வெட்டிய பிறகு அந்தக் கிளைக்கோஜன்தான் லாக்டிக் அமிலமாகி, இறைச்சியின் பிஎச் அளவை 5.5 அருகே இறக்க வேண்டும். இறங்காவிட்டால் கறி கறுத்துப் பிசுபிசுக்கும், விரைவில் கெடும். அதனால்தான் மான் கொட்டகைகளில் வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள்; இருட்டில் மான் அடங்கி நிற்கும். வயதும் முக்கியம். பெரும்பாலும் மூன்று வயதுக்குள் வெட்டிவிடுகிறார்கள். மான்கறி என்றால் வீச்சம் அடிக்கும் என்ற பெயர், இணைசேரும் பருவத்து முதிர்ந்த ஆண் மான்களாலும் கவனமில்லாத வேட்டையாலும் வந்தது.

சத்துக் கணக்குக்கு வருவோம். 100 கிராம் பச்சை எல்க் இறைச்சியில் ஏறக்குறைய 23 கிராம் புரதம், ஒன்றரை கிராம் கொழுப்பு, 2.7 மில்லிகிராம் இரும்புச்சத்து, 110 கலோரி. மாட்டுக்கறிக்கோ செம்மறிக்கறிக்கோ பழகியவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். நம் வெள்ளாட்டுக்கறியின் கணக்கும் இதற்கு வெகு அருகில் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எல்க்கை அற்புத மருந்தாக விற்பவர்களை நம்ப வேண்டியதில்லை. நல்ல, மெலிந்த சிவப்பு இறைச்சி என்ற பெயரே அதற்குப் போதுமான பெருமை.

வட அமெரிக்காவில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மான் இனங்களின் மூளையைச் சிதைக்கும் உடல் தேய்வு நோய் 1967-இல் கொலராடோவில் முதலில் தென்பட்டது. காட்டு மான்களோடு பண்ணை எல்க்குகளையும் அது விடவில்லை. மனிதருக்குப் பரவியதாக உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோயுற்ற விலங்கை உண்ணக் கூடாது என்பதே சுகாதாரத் துறையின் அறிவுரை. எனவே பரிசோதனை செய்யும் பண்ணையிடம் வாங்குவதே சரி.

சமைக்கும்போது அவசரமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். முதுகுக்கறியைக் காய்ந்த இரும்புச் சட்டியில் சட்டென்று வாட்டி, உள்ளே இளஞ்சிவப்பு மாறுவதற்குள் இறக்கிவிட வேண்டும். கொழுப்பு இல்லாததால் சற்றுக் கூடினாலும் சக்கையாகிவிடும். தோள்கறிக்கும் கால்கறிக்கும் சிறு தீயில் மணிக்கணக்கான வேக்காடு தேவை. மானின் கொழுப்பு ஆறினால் மெழுகுபோல உறைந்து அண்ணத்தில் ஒட்டும். சூடாகவே பரிமாறுங்கள்.