விமானத்தில் போய்ப் பசியாறுவோமா?

நண்பரோடு ஈப்போவுக்குப் போய்ப் பசியாறி வருவது, அதுவும் சின்ன விமானத்தில்! பிரிக்பீல்ட்ஸில் தோசை கிடைக்காதா என்று சிரிக்காதீர்கள். கோலாலம்பூரில் 1929-லேயே விமானக் கிளப் தொடங்கிவிட்டது. அன்று துரைமார்கள் மேலே பறந்தார்கள்; நம்மவர்கள் கீழே பெரட்டுக்கு நின்றார்கள்.

சுங்கை பீசித் திடல் 2018-இல் மூடப்பட்டது. இப்போது சுபாங்கிலிருந்து கிளம்பலாம். செலவு கொஞ்சமல்ல. செஸ்னா 172 விமானத்தில் விமானியோடு நான்கே பேர். எடையைக் கேட்பார்கள், கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். பிற்பகலில் இடிமழை பிடிக்கும் என்பதால் காலையிலேயே புறப்பட வேண்டும். ஈப்போ ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே நன்றாகத் தெரியும். கிள்ளானைத் தாண்டி, கடலோரமாக வடக்கே திரும்பினால் கோல சிலாங்கூர் பக்கமெல்லாம் செம்பனை. ஒவ்வொரு மரமும் பச்சை நட்சத்திரம் போலிருக்கும். ஹெக்டருக்குச் சுமார் 140 மரம், முக்கோண வரிசையில், கோணல் இல்லாமல். கயிறு பிடித்து, முளை அடித்து, குழி வெட்டி நட்டவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள்தான் அதை மேலிருந்து பார்த்ததில்லை.

வீட்டில் பாட்டி இருந்தால் அழைத்துப் போங்கள். சன்னலோர இடம் அவருக்கு.