24 கிலோபைட்டில் ஒரு மண்பாதை

எக்ஸைட்பைக் 1984 நவம்பர் 30 அன்று ஜப்பானில் வெளியான மண்பாதை பைக் பந்தய விளையாட்டு. நின்டென்டோ நிறுவனம் தன் ஃபேமிகாம் கருவிக்காகக் கொண்டுவந்த இதை வடிவமைத்தவர் ஷிகெரு மியாமோட்டோ. 1985 இல் அமெரிக்காவில் அதே கருவி என்.இ.எஸ். என்ற பெயரில் விற்பனைக்கு வந்தபோது கூடவே போன முதல் விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. காசு போட்டு ஆடும் ஆர்கேடு பெட்டிகளுக்காக ‘வி.எஸ். எக்ஸைட்பைக்’ என்ற தனிப் பதிப்பும் உண்டு.

ஆட்டம் எளிது. நான்கு தடங்கள் கொண்ட பாதை இடமிருந்து வலமாக ஓடும். ஒரு பொத்தான் சாதாரண வேகம், இன்னொன்று அதிவேகம். அதிவேகப் பொத்தானை விடாமல் அழுத்தினால் எஞ்சின் சூடேறி, பைக் ஓரத்தில் நின்றுவிடும். ஆறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மேட்டில் ஏறி அந்தரத்தில் பறக்கும்போது வண்டியின் மூக்கைத் தூக்குவதும் தாழ்த்துவதும் ஆடுபவர் கையில். இறங்கும் சரிவுக்கு இணையாகச் சக்கரங்கள் படிந்தால் வேகம் குறையாது, கோணம் தப்பினால் குட்டிக்கரணம். முன்னே போகிறவரின் பின்சக்கரத்தில் நம் முன்சக்கரம் உரசினால் விழுவது நாம். பின்னால் வருகிறவர் நம்மை உரசினால் விழுவது அவர். வேகத்துக்கும் சூட்டுக்கும் நடுவே கணக்குப் பார்த்து ஓட்ட வைத்ததால்தான் நாற்பது ஆண்டுகள் கழித்தும் இது சலிக்கவில்லை.

இத்தனையும் அடங்கிய இடம் 24 கிலோபைட். நிரலுக்கு 16, படங்களுக்கு 8. இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப்போல நூறு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். சிக்கனத்தின் சூட்சுமம் கருவியின் படச் சில்லில் இருக்கிறது. திரையின் பின்னணி 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு ஓடுகளால் அமைந்தது. மேடும் சேறும் புல்லும் அதே சில ஓடுகளின் வெவ்வேறு அடுக்குகள். அடுத்தடுத்த இரண்டு திரைகளுக்கான ஓடுகளைச் சில் நினைவில் வைத்துக்கொள்ளும். எந்தப் புள்ளியிலிருந்து காட்ட வேண்டும் என்ற ஓர் எண்ணை மாற்றினாலே முழுப் பாதையும் நகரும். பாய் விரிப்பதுபோல, கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் அடுத்த பத்தி ஓடுகளை மட்டும் நிரல் போட்டுக்கொண்டே வந்தால் போதும். அடுத்த ஆண்டு வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் நகரும் பின்னணிக்கு இந்த அனுபவம் கைகொடுத்தது. பைக்குகளுக்கு வேறு கணக்கு. ஒரே கிடைக்கோட்டில் எட்டு நகரும் துண்டுகளுக்கு மேல் அந்தச் சில்லால் வரைய முடியாது. வண்டிகள் வரிசையாகச் சேரும்போது அவை மினுக்குவதற்குக் காரணம் டிவியின் பழுது அல்ல, இந்த வரம்பு.

பாதையை நாமே அமைக்கும் வசதியும் இதில் உண்டு. அமைத்ததைச் சேமிக்க ஜப்பானில் மட்டும் விற்ற, பாட்டு கேசட்டில் பதியும் ஒரு ரெக்கார்டர் தேவை. மற்ற நாடுகளில் ‘சேவ்’, ‘லோட்’ என்ற இரண்டு வரிகளும் திரையில் சும்மா நின்றன. கரண்ட் போனால் பாதையும் போயிற்று.

மதுரைக்கு இது வந்த வழி வேறு. 1990களில் தமிழ்நாட்டுக் கடைகளிலும் வீடுகளிலும் இருந்தவை பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள். அவற்றில் ‘மீடியா’ பெயர்பெற்றது. டவுன்ஹால் ரோட்டில் வாங்கினாலும் சென்னை பர்மா பஜாரிலிருந்து யாராவது கொண்டுவந்தாலும் கூடவே ஒரு ‘9999 இன் 1’ கேசட் இருக்கும். உள்ளே அத்தனை விளையாட்டு கிடையாது. சில பத்து விளையாட்டுகளே வேறு பெயரில், வேறு கட்டத்தில் தொடங்கித் திரும்பத் திரும்ப வரும். 512 கிலோபைட் இடத்தில் எக்ஸைட்பைக் அளவு விளையாட்டுகள் இருபதுக்கு மேல் அடங்கும் என்பதால், சிறிய பழைய விளையாட்டுகள்தான் இந்தக் கேசட்டுகளுக்குத் தோதாக இருந்தன.

இன்னொரு வித்தியாசத்தை ஆடியவர்கள் கவனித்திருக்க வாய்ப்பில்லை. ஜப்பானிய டிவி நொடிக்கு 60 படங்கள் காட்டும். இந்தியாவின் ‘பால்’ (PAL) டிவி முறையில் 50. விளையாட்டு ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடி நகர்வதால், பால் முறைக்கான நகல் கருவியில் பைக் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். டோக்கியோவில் ஒரு நிமிடம் பிடிக்கும் சுற்று மதுரைப் பக்கத்துத் திருமங்கலத்தில் ஒரு நிமிடம் 12 நொடி பிடிக்கும். கருவிக்குத் தனிக் கடிகாரம் இல்லை, திரையில் ஓடும் நேரமும் படங்களை எண்ணித்தான் ஓடுகிறது. ஆகவே இரண்டு ஊரிலும் திரை காட்டும் நேரம் ஒன்றே.

சேகரிப்பாளர் சந்தையில் எக்ஸைட்பைக் அரிய பொருள் அல்ல. உலகம் முழுக்க ஏராளமாக விற்றதால் பெட்டியில்லாத அசல் கேசட் மலிவு. விலை ஏறுவது முதல் அச்சுக்கும், கறுப்பு அட்டைப்பெட்டிக்கும், பிரிக்காத முத்திரைக்கும்தான். 2021 ஜூலையில் பிரிக்காத ஒரு சூப்பர் மாரியோ 64 கேசட் 15.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது விளையாட்டுக்குக் கொடுத்த விலை என்று சொல்வதற்கில்லை, நெகிழித் தாளுக்குக் கொடுத்த விலை. ஆர்கேடு பதிப்பைத் தேடுகிறவர்களுக்கு வேறு சிக்கல். வி.எஸ். பெட்டியில் விளையாட்டை மாற்ற நிரல் சில்லுகளோடு படச் சில்லையும் மாற்ற வேண்டும். திருட்டு நகலைத் தடுக்க நின்டென்டோ வண்ண வரிசையைச் சில்லுக்குச் சில் கலைத்து வைத்திருந்தது. தவறான சில் இருந்தால் ஆட்டம் ஓடும், நிறங்கள் மட்டும் தாறுமாறாக வரும்.

மதுரைப் பக்கத்தில் சேகரிக்கத் தக்கது நகல் கருவியே என்பதுதான் சரியான மதிப்பீடு. அசலை அமெரிக்கரும் ஜப்பானியரும் அங்குலம் அங்குலமாகப் பதிவு செய்துவிட்டார்கள். இங்கே எந்தக் கேசட்டில் என்ன இருந்தது, பலகையில் என்ன சில் இருந்தது என்பதற்கு ஒழுங்கான பட்டியல் கிடையாது. பின்னாள் நகல்களில் முழுக் கருவியும் கறுப்புப் பிசின் சொட்டுக்கு அடியில் ஒரே சில்லாக ஒடுங்கிவிட்டது. பழுதானால் மாற்ற வழியில்லை. மின்தேக்கிகளின் ஆயுள் சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொது விதி. சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரைப் பரணில் கிடக்கும் பெட்டிக்கு அது நல்ல செய்தி அல்ல. கேசட்டை ஊதிப் போடும் பழைய வைத்தியமும் கெடுதல்தான். வாயின் ஈரம் செப்புத் தொடுமுனையை அரிக்கும். பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பதே முறை.

வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருந்தால் பேரீச்சம்பழத்துக்குப் போடுமுன் திறந்து, பலகையின் இருபக்கத்தையும் கேசட்டின் பட்டியல் திரையையும் படமெடுத்து வையுங்கள். ஓட்டிப் பார்க்க ஆசையிருந்தால், அடாப்டர் முனையின் நடுவில் இருப்பது நேர்முனையா எதிர்முனையா என்று முதலில் பாருங்கள். அசல் ஃபேமிகாமில் நடுமுனை எதிர், நகல்களில் கருவிக்குக் கருவி மாறும்.